ஓட்டத்துல கொடுத்துட்டு வா

நீ முடிவெட்டப் போயிருக்கிறாய். அந்தக் கடைக்காரர் கத்தரியைவிட வாயைத்தான் அதிகம் ஓட்டுவார். எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு நீ வரமாட்டாய். அதற்குள் இதை எழுதி உன் பையில் வைத்துவிட வேண்டும். நேரில் சொல்லலாம்தான். ஆனால் நேரில் பேச ஆரம்பித்தால் நான் பாதியில் குழம்பு ஆறுது, ரசம் ஆறுது என்று பேச்சை மாற்றிவிடுவேன். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று போனைப் பார்ப்பாய். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குக் கடிதம் எழுதுவதே பெரிய வேலை. அதிலும் புத்தகம் எழுதுகிற மகனுக்கு எழுதுவது என்றால் கேட்கவே வேண்டாம். தப்பு இருந்தால் நீயே திருத்திக்கொள். சிரிக்க மட்டும் செய்யாதே.

நாளைக் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மடவார் வளாகத்து அறையைக் காலி செய்துவிட்டு, சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே ரயிலேறிச் சென்னைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டாய். பழைய வேலையைக் கேட்டுப் பார்ப்பாயாம். நாவல் அவ்வளவுதானாம். பதினெட்டு அத்தியாயம் எழுதிய தாள்கட்டை, இங்கே வந்த அன்றைக்கே ஏதோ பழைய பேப்பர் மாதிரி என் கையில் கொடுத்து, "எடைக்குப் போட்டுரும்மா" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். போடவில்லை. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் வைத்து, நீ தூங்கிக்கொண்டிருந்த பகல்களில் எடுத்து எடுத்து வாசித்தேன். பன்னிரண்டு நாளில் முழுசாக வாசித்து முடித்துவிட்டேன். கேட்காமல் வாசித்தது தப்பு என்றால் தப்புதான், அதற்கென்ன இப்போது.

அந்தப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் நடந்ததை நான் மறக்கமுடியாது. நாலு நாளாக நீ போனை எடுக்கவில்லை. பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில், கையில் தூக்குவாளியோடு உன் அறைக்கு மாடியேறி வந்தேன். கதவைத் தட்டினேன். "ஏலே, நான்தாம்லே. தொற" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி உள்ளதான் இருக்காக. வெளிய வந்தே பாக்கல" என்றாள். நீ திறந்தபோது எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. தாடி, கண்ணுக்குக் கீழே கருப்பு, ஜன்னலெல்லாம் அடைத்து உள்ளே ஒரே புழுக்கம். முந்தின வாரம் நான் கொடுத்துவிட்ட எலுமிச்சை சாதம் டப்பாவோடு கெட்டுப்போய்க் கிடந்தது. சுவரில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் "ஒரு நாளைக்கு 2000 வார்த்தை" என்று எழுதி ஒட்டியிருந்தாய். அதற்குப் பக்கத்தில் பன்னிரண்டு மாசமும் ஒரே தாளில் போட்ட காலண்டர். அடித்த நாள் போக, வரப்போகிற ஒரு தேதியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருந்தாய். அது உன் அப்பாவின் வருஷத் திதி.

"என்னலே இது கோலம்? சாப்ட்டியா?" என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நீ என்னைப் பார்த்து, "ஒனக்கு என்னம்மா தெரியும்? ஒரு நாள் விட்டா அம்புட்டும் போச்சு. தேதிக்குள்ள முடிக்கணும். தயவுசெஞ்சு போ" என்று கத்தினாய். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளையில் அழுத மாதிரி தேம்பித் தேம்பி அழுதாய். முப்பத்து நாலு வயசுப் பிள்ளை அழுவதைப் பார்க்கிற தைரியம் எந்தத் தாய்க்கும் கிடையாதய்யா. மேஜையில் கிடந்த தாள்களையும் அள்ளிக்கொண்டு, அப்படியே ஆட்டோ பிடித்து உன்னை ராஜபாளையத்துக்குக் கூட்டி வந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புல ஒண்ணுமில்ல, ஆளு ஓஞ்சு போயிருக்காரு. நல்லா தூங்கட்டும், தனியா விடாதீங்க. பத்து நாள்ல தெளியலைன்னா திரும்பக் கூட்டிட்டு வாங்க" என்றார். நீ இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. நான் உன் மூக்கில் கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிவப்பு வட்டத்தைப் போட்டது நீ இல்லை. நான்தான். உன் அப்பா போன பதினாறாம் நாள் விசேஷத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தபோது செட்டியார்பட்டிப் பெரியப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "என்ன, மகன் வேலைய விட்டுட்டு வந்து வீட்டோட உக்காந்துட்டானாம்லா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. துக்கத்தில் இருக்கிறவளுக்கு வாய் எங்கே கட்டுப்படும்? "ஏன் உக்காருதான்? அவன் அப்பா கதையத்தான் எழுதுதான். வருசத் திதிக்கு அவிய படத்துக்கு முன்னால புத்தகத்த வச்சுப் படைப்பான், வந்து பாருங்க அத்தான்" என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் பாயச வாளியோடு நீ நிற்கிறாய். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். பார்த்தும் பார்க்காத மாதிரி அப்பளம் எடுக்கப் போய்விட்டேன்.

அதற்கு முன்னால் நீ அந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த விதமே வேறு. காலையில் கொஞ்சம் எழுதுவாய். மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து, ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய காலத்தைக் கேட்பாய். அவரும் லாரியில் கியர் போடுகிற மாதிரி கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார். "எப்பய்யா முடிப்ப?" என்று அவர் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை. கேட்டது நான். அதுவும் அவர் போன பிறகு, ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு. நான் வாயைத் திறந்த அன்றிலிருந்துதான் நீ தனி அறை எடுத்தாய், வார்த்தையை எண்ண ஆரம்பித்தாய், சிரிப்பதை நிறுத்தினாய். எனக்குத் தெரியாமல் இல்லை. மகன் மும்முரமாக எழுதுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். மன்னித்துக்கொள் என்று உன்னிடம் நேரில் கேட்க எனக்கு வாய் வராது. இங்கே எழுதிவிட்டேன், இதைக் கேட்டதாக வைத்துக்கொள்.

இந்த வீம்பு எனக்குப் புதிதில்லை. குளியலறையில் வெந்நீர் விளாவ வைத்திருக்கிறோமே, ஒரு பக்கம் நசுங்கிய எவர்சில்வர் குடம், அதன் கதை உனக்குத் தெரியாது. நீ பத்தாம் வகுப்பு படித்த வருஷம், நான் வேலை பார்த்த நூல் மில்லில் ஆயுத பூஜைக்கு ஒரு அறிவிப்பு போட்டார்கள். அந்த சீசனில் லீவே போடாமல், கூடுதல் டூட்டியும் அதிகம் பார்க்கிற ஆளுக்குக் கூட்டத்தில் வைத்துப் பரிசு கொடுப்பார்களாம். எங்கள் டிபார்ட்மெண்டில் அப்போதுதான் ஒரு சின்னப் பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இழை அறுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிடுவாள். எல்லாரும் அவள் கையையே புகழ்ந்துகொண்டிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த மெஷினோடு குடித்தனம் நடத்துகிறவள் நான், நேற்று வந்தவளா பெரிய ஆளு என்று கிளம்பினேன். காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு என் சைடை, அதாவது என் மெஷின் வரிசையை, அடுத்த ஷிப்ட்டுக்கு ஒப்படைத்துவிட்டு, வீட்டுக்கு வராமல் அப்படியே பக்கத்து வரிசைக்குப் போய் அடுத்த டூட்டியும் பார்ப்பேன். முப்பத்தெட்டு நாள் இப்படி. உன் அப்பா சொல்லிப் பார்த்தார். "ஏட்டி, நீ என்ன மில்ல வெலைக்கா வாங்கப் போற?" என்று கேட்டார். நான் காதில் வாங்கவே இல்லை.

இருபதாவது நாள் தாண்டியதும் எனக்கு நடப்பதே நடக்கிற மாதிரித் தெரியவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்யும், நான் எங்கேயோ இருப்பேன். இன்னொருவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரிக் கேட்கும். சோறு ருசிக்காது. காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். அந்த நாட்களில் ஒரு ராத்திரி நான் டூட்டி முடிந்து வந்ததும் நீ ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாய். "அம்மா, கத எழுதிருக்கேன், படிச்சுப் பாரு" என்றாய். "செத்த நேரம் பொறுலே, பொறவு பாக்கேன்" என்றேன். சுவரில் சாய்ந்த மேனிக்குத் தூங்கிப்போனேன். மறுநாள் அந்த நோட்டு அங்கே இல்லை. நீயும் திரும்பக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீ எழுதிய முதல் கதை என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு குடத்துக்காக அதைத் தவறவிட்டேன்.

பரிசு கொடுப்பதற்கு நாலு நாள் முன்னால்தான் நான் செய்த ஒரு காரியம் வெளியே வந்தது. எங்கள் மில்லில் நூலுக்கு நம்பர் உண்டு. நாற்பது என்றால் கொஞ்சம் தடிமன், அறுபது என்றால் சன்னம். பார்த்த மாத்திரத்தில் வித்தியாசம் தெரியாது. அதனால் நாற்பதைப் பச்சை பாபினில் சுற்றுவோம், அறுபதை நீல பாபினில் சுற்றுவோம். ஒன்றோடு ஒன்று கலந்துவிடவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. கலந்துவிட்டால் நூலில் கண்டுபிடிக்க முடியாது. நெய்து, சாயம் போட்ட பிறகுதான் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒருநாள், ஆள் குறைவு என்று பாபின் அள்ளுகிற வேலையையும் நானே இழுத்துப்போட்டுச் செய்தேன். பச்சையும் நீலமும் என் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறது. ஒரு டிராலி முழுக்க நீலத்தைப் பச்சையோடு கொட்டிவிட்டேன். அதுகூட எனக்குத் தெரியவில்லை. துணியில் பட்டை விழுந்து, நெசவுக்காரர்கள் திருப்பி அனுப்பிய பிறகு தேடிப்பார்த்தால், அந்த டிராலியில் போட்டிருந்தது என் டோக்கன் நம்பர்.

சூப்பர்வைசர் திட்டியிருந்தால் தேவலை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்கம்மா, போய்ப் படுங்க" என்றார். அது திட்டைவிட மோசம். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அடுத்த ஷிப்ட்டுக்கு வந்த பாத்திமா என்னைப் பார்த்துவிட்டாள். உனக்கு அவளைத் தெரியும், ரம்ஜானுக்குக் கஞ்சி கொண்டுவருவாளே, அவள்தான். பதினோரு வருஷம் என் சைடைத் தினமும் மூன்று மணிக்கு என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவள். அவளிடம், "எனக்கு என்னட்டி கேடு? மெஷின நான் ஒருநாளும் நிப்பாட்டிக் கொடுத்ததில்லையே" என்று புலம்பினேன். அவள் என் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, நீங்க மெஷின ஓட்டத்துலதான் கொடுத்தீய. ஒங்களத்தான் நிப்பாட்டிட்டீய."

இந்த "ஓட்டத்துல கொடுக்கிறது" என்னவென்று உனக்குச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன். மில்லில் நூலை யாரும் முடிப்பதில்லை. நீ நிற்கிற எட்டு மணி நேரத்தில் முடிகிற சாமானும் அது இல்லை. உன் நேரம் முடியும்போது மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அடுத்தவள் வந்து ஓடுகிற மெஷினை வாங்கிக்கொள்ள வேண்டும். பாத்திமா வந்ததும் இரண்டு பேரும் சைடை ஒரு சுற்றுச் சுற்றி வருவோம். "நாலாவதுல அடிக்கடி அறுபடுது, கோடியில எண்ணெ கசியுது, மத்தபடி நல்லா ஓடுது" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. எல்லா பாபினும் நிறையட்டும், நிறைந்த பிறகுதான் போவேன் என்று எவளாவது நின்றாளானால் அவளுக்குத்தான் கிறுக்கு. வெறும் பாபினோடு நிற்கிற மெஷினை வாங்கிக்கொண்டு ஓட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள் அடுத்தவளுக்கு உயிர் போய்விடும்.

உன் மேஜையில் இரண்டு ஆள் வேலை பார்க்கிறார்கள். எழுதி எழுந்திருக்கிறவன் ஒருத்தன், மறுநாள் காலையில் வந்து உட்காருகிறவன் ஒருத்தன். நீ என்ன செய்திருக்கிறாய்? தினமும் எடுத்த காட்சியை முடித்து, மனசில் இருந்ததையெல்லாம் வழித்துக் கொட்டி, இரண்டாயிரம் ஆனதும் செத்த பிணமாகப் படுத்திருக்கிறாய். காலையில் வருகிறவனுக்கு நீ கொடுத்தது நின்றுபோன மெஷின். பாவம் அவன் என்ன செய்வான்? சுவரைப் பார்ப்பான், தன்னையே திட்டிக்கொள்வான், மறுபடியும் முதலிலிருந்து உந்துவான். பத்து மாசம் தினமும் அப்படி உந்தினால் யானைக்கே முடியாது. இனிமேல் எழுதினால், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று உனக்குத் தெரிகிற இடத்திலேயே எழுந்துவிடு. பாதி வாக்கியமாக இருந்தாலும் பரவாயில்லை, எழுந்துவிடு. ஒரு துண்டுத் தாளில் காலையில் வருகிறவனுக்கு இரண்டு வரி எழுதி வை. இந்த இடம் அறுபடுது, அது நல்லா ஓடுது என்று. பாத்திமாவிடம் நான் சொன்ன மாதிரிச் சொல், போதும்.

இன்னொன்றும் உண்டு. மேல்காற்று காலத்தில் காற்று வறண்டு கிடக்கும். அப்போது நூல் பட்பட்டென்று அறும். புதுசாக வந்த பெண்கள் தங்கள் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு மூக்கைச் சிந்துவார்கள். கையில் ஒரு குறையும் இருக்காது, காற்றில் ஈரம் இருக்காது. உள்ளே தண்ணீரைப் புகை மாதிரி விடுவார்கள், அரை மணி நேரத்தில் நூல் அடங்கிவிடும். நீ மடவார் வளாகத்தில் அத்தனை மாசம் யாரோடாவது பேசினாயா? கோயில் வாசலுக்காவது போனாயா? பால்கோவா ஊரில் இருந்துகொண்டு எனக்கு ஒரு கால் கிலோ வாங்கி வந்தாயா? வாய்விட்டுச் சிரித்து எவ்வளவு நாளாச்சு? ஜன்னலை அடைத்துக்கொண்டு, எனக்கு எழுத வரவில்லை, எனக்குத் திறமை இல்லை என்று நினைத்திருக்கிறாய். உன் கையில் ஒன்றுமில்லையய்யா. மத்தியானம் எழுந்து கடைவீதிக்குப் போ, கண்டக்டரோடு சில்லறைக்குச் சண்டை போடு, ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கு. வாரத்தில் ஒரு நாள் மெஷினுக்கே லீவு உண்டு, தெரியுமா? கல்யாணப் பேச்சை மட்டும் இந்தக் கடிதத்தில் எடுக்கக்கூடாது என்று இருக்கிறேன். பார், எவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறேன்.

பிறகு அந்தக் குடம். அதை எனக்கே கொடுத்துவிட்டார்கள். பட்டியலை முன்னாடியே போட்டுவிட்டார்களாம், மாற்ற முடியாதாம். கூட்டத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். அந்தச் சின்னப் பெண்ணும் தட்டினாள். வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து தரையில் ஓங்கி ஒரு போடு போட்டேன். அந்த நசுங்கல் அப்போது விழுந்தது. உன் அப்பா வந்து பார்த்துவிட்டு, "நல்ல குடம்ட்டி, வெந்நிக்கு ஆகும்" என்றார். அந்த மனுஷனுக்கு இருந்த பொறுமையில் கால்வாசி நம் இரண்டு பேருக்கும் இல்லை.

இனி உன் நாவலுக்கு வருகிறேன். நீ வேலுச்சாமி என்று பெயர் வைத்திருக்கிற லாரிக்காரர் யார் என்று எனக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஒன்பதாவது அத்தியாயத்தில் அவரைச் சாகடித்துவிட்டாய். நான் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இரண்டு நாள் தொடவில்லை. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டு வாசித்தேன். பதினாலாவது அத்தியாயத்துக்கு வந்தால், குவாரி முக்கில் டீக்கடை பெஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்து, கல் தூசி விழாமல் உள்ளங்கையால் கிளாஸை மூடி மூடி டீ குடிக்கிறான். பெயரைப் பார்த்தால் வேலுச்சாமி! ஏலே, செத்துப்போனவர் எப்படியய்யா டீ குடிப்பார்? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பச்சை பாபினும் நீல பாபினும்தான் ஞாபகம் வந்தது. என் மகன் என்னை மாதிரியே கலந்துவிட்டான் என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். உனக்கு இன்றுவரை அது தெரியாது என்று நினைக்கிறேன். தெரிந்திருந்தால் உன்னை நீயே என்ன பாடு படுத்தியிருப்பாயோ.

ஆனால் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சாகடித்த அத்தியாயத்தில் அவர் இல்லை, வேறு யாரோ இருந்தார். இந்தப் பக்கத்தில்தான் அவர் இருந்தார். வீட்டில் தூசியே இல்லாத அடுக்களையில் உட்கார்ந்தும் கிளாஸை உள்ளங்கையால் மூடுவாரே, அந்தக் கை, அந்த நகம், சூடு தாங்காமல் விரலை மாற்றி மாற்றி வைக்கிற விதம். நீ களைத்துப்போய், கணக்கை மறந்து, அவர் போனதையே மறந்து எழுதிய பக்கம் அது. நானும் காலையில் சில நாள் மறந்துபோய் இரண்டு டம்ளர் எடுத்து வைப்பேன். அதனால் எனக்குப் புரிந்தது. நாவலுக்கு அது தப்பென்றால் பிறகு நீ திருத்திக்கொள்வாயோ, அவரை உயிரோடு விட்டுவிடுவாயோ, அது உன் பாடு.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். தாள்கட்டுக்குள் தேடாதே, என்னிடம் இருக்கிறது. இன்னும் இரண்டு மாசத்தில் திதி வருகிறது. இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் செய்து, ஒரு கிளாஸ் டீயும் வைத்து, படத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தை வைத்துப் படைப்பேன். செட்டியார்பட்டிப் பெரியப்பா, "எங்க, புத்தகத்தக் காணோம்?" என்று கேட்டால், "இந்தா இருக்கு அத்தான், வாசிங்க" என்று அவர் கையிலேயே கொடுப்பேன். நான் கொடுத்த வாக்கு அதோடு தீர்ந்தது. உனக்கு இனி அந்தத் தேதி கிடையாது. புத்தகம் அடுத்த வருஷம் வந்தால் என்ன, நாலு வருஷம் கழித்து வந்தால் என்ன? நான் எங்கேயும் போய்விட மாட்டேன்.

சென்னை வேலை வேண்டுமென்றால் போ, நான் தடுக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே நாளுக்கு அரைப் பக்கம் எழுது. எழுதாமலே ஒரு மாசம் சும்மா இரு, அதுவும் சரி. உன் உடம்புக்கு மேல் எனக்கு எந்தப் புத்தகமும் இல்லை. ஆனால் எடைக்குப் போடு என்று மட்டும் சொல்லாதே. தாள்கட்டை உன் பையில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அதன் கடைசித் தாளை எடுத்துப் பார். நான் தூக்குவாளியோடு வந்து கதவைத் தட்டினேனே, அன்றைக்கு நீ எழுதிக்கொண்டிருந்த தாள் அது. வேலுச்சாமி பெண்டாட்டி வாசலில் நிற்கிற இடத்தில், "லாரிச் சத்தம் மேட்டில் கேட்டதும் அவள்" என்று எழுதியிருக்கிறாய். அந்த "அவள்" என்ற வார்த்தையோடு நிற்கிறது. முடிக்கவிடாமல் நான் வந்து கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லையய்யா. பத்து மாசத்தில் அன்று ஒரு நாள்தான் நீ ஓட்டத்தில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்.

தெருமுனையில் உன் செருப்புச் சத்தம் கேட்கிறது. வாசித்து முடித்த நேரத்திலிருந்து நானும் அவளோடு அந்த வாசலிலேயே நிற்கிறேன். சொல்லுலே, லாரிச் சத்தம் கேட்டதும் அவள் என்ன செய்தாள்?